ஸ்பிரெட்ஷீட்டில் போய் உதைக்காத தானியங்கி அறிக்கை: முழுமையான வழிகாட்டி

தானாக ஓடும் ஸ்கிரிப்ட் ஒன்று தினமும் ஓர் அறிக்கையைத் தயாரித்து அனுப்புகிறது. பெறுபவர் திறக்கிறார். மேலே இருக்கும் நாலு வரியை அழிக்கிறார், இணைத்து வைத்த செல்களைப் பிரிக்கிறார், உரையாக வந்த தேதியைத் தேதியாக மாற்றுகிறார், உதிர்ந்துபோன பூஜ்யங்களைத் திரும்பச் சேர்க்கிறார். அதற்குப் பிறகுதான் அவருடைய வேலையே ஆரம்பிக்கிறது. மறுநாளும் இதே கதை. அறிக்கை தானியங்கிதான், அதைச் சீர்செய்வது மட்டும் கைவேலை.

இந்தக் கைவேலையில் பெரும்பகுதி ஒரே காரணத்தால் வருகிறது. எது தேதி, எது எண், எது வெறும் அடையாளக் குறியீடு என்பது அறிக்கையை எழுதும் நிரலுக்குத் தெரியும். ஆனால் தெரிந்ததைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. எக்செல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரெஆபிஸ் கால்க் மூன்றுமே அந்த இடத்தில் தாமாக ஊகிக்கின்றன. பெரும்பாலும் ஊகம் சரியாகவே இருக்கும்; தப்பும்போது சத்தமில்லாமல் தப்பும். எனவே கீழே வரும் படிகள் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: ஸ்பிரெட்ஷீட் ஊகிக்க எதையும் மிச்சம் வைக்காதீர்கள்.

உதாரணங்களில் பைத்தான் நூலகங்கள் அதிகம் வரும். வேறு மொழியில் எழுதுகிறவர்களுக்கும் சிக்கல்கள் இதேதான்.

1. திறப்பவர் அடுத்து என்ன செய்வார்?

நிரலைத் தொடும் முன் இதை மட்டும் கேட்டுவிடுங்கள். அறிக்கையைப் பெறுகிறவர் மூன்றில் ஒன்றைச் செய்வார்: கண்ணால் பார்த்துவிட்டு மூடுவார், ஃபில்டர், பிவட் (வகைவாரியாகத் தொகுத்துக் காட்டும் அட்டவணை) போட்டு அலசுவார், அல்லது இன்னொரு கோப்புக்கோ மென்பொருளுக்கோ ஊட்டுவார். பார்ப்பதற்கு அழகு முக்கியம். அலசுவதற்கு வடிவம் முக்கியம். ஊட்டுவதற்கு நேற்று வந்ததும் இன்று வந்ததும் அச்சு அசலாக ஒரே அமைப்பில் இருப்பது முக்கியம்.

மூன்று பேரையும் ஒரே ஷீட்டில் திருப்திப்படுத்தப் பார்ப்பதுதான் பல அறிக்கைகளைக் கெடுக்கிறது. ஒரே கோப்பில் இரண்டு ஷீட் வைத்தால் தீர்ந்தது: அலங்காரம் எதுவும் இல்லாத "தரவு", கண்ணுக்கு வைத்த "சுருக்கம்". இந்தப் பிரிவினையை ஏற்றுக்கொண்டால் மீதிப் படிகள் சுலபம்.

2. சிஎஸ்வியா, எக்ஸ்எல்எஸ்எக்ஸா?

சிஎஸ்வி என்பது மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து எழுதிய வெறும் எழுத்து. அதற்குள் "இது தேதி", "இது உரை" என்று சொல்ல இடமே கிடையாது. எக்செலின் சொந்த வடிவமான எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பு அப்படியல்ல. அது உண்மையில் எக்ஸ்எம்எல் கோப்புகளை அடக்கிய ஜிப் பொட்டலம். பெயரின் கடைசி ஒட்டை ஜிப் என்று மாற்றித் திறந்தால் உள்ளே இருப்பதைப் பார்க்கலாம். அதில் ஒவ்வொரு செல்லுக்கும் வகையும் வடிவமும் கூடவே எழுதப்பட்டிருக்கும்.

என் கணக்கு எளிது. மனிதர் இரட்டைக் கிளிக் செய்து திறக்கப் போகிறார் என்றால் எக்ஸ்எல்எஸ்எக்ஸ். இன்னொரு நிரல் படிக்கப் போகிறது என்றால் சிஎஸ்வி. இரண்டும் உண்டென்றால் இரண்டையுமே எழுதிவிடுங்கள். ஒரே தரவிலிருந்து இரண்டு கோப்பு எழுதுவது ஒரு வரி வேலை.

பழைய எக்ஸ்எல்எஸ் பக்கம் மட்டும் போகவே போகாதீர்கள். அதில் ஒரு ஷீட்டுக்கு 65,536 வரிசைகள், 256 நெடுவரிசைகள், அவ்வளவுதான். 2020 இல் இங்கிலாந்தின் பொது சுகாதார அமைப்பு ஆய்வகங்களிலிருந்து வந்த கோவிட் முடிவுகளை இந்தப் பழைய வடிவத்துக்குள் ஏற்றிக்கொண்டிருந்தது. ஒரு நோயாளிக்குப் பல வரிசைகள் தேவைப்பட்டதால் ஷீட் சீக்கிரம் நிரம்பியது, மிச்சம் விழுந்தது. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 தொற்றுகள் தினசரிக் கணக்கில் வராமல் போயின. அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் வேலையும் தாமதமானது.

புதிய வடிவத்தின் எல்லை 1,048,576 வரிசைகள், 16,384 நெடுவரிசைகள். கூகுள் ஷீட்ஸ் வரிசைக் கணக்குப் பார்ப்பதில்லை. ஒரு கோப்புக்கு மொத்தம் 1 கோடி செல்கள். ஒரு செல்லில் எக்செல் ஏற்கும் எழுத்துகள் 32,767. உங்கள் தரவு இந்த எல்லைகளுக்குப் பக்கத்தில் போனால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்று கூச்சல் போட வேண்டும். பாதியை எழுதிவிட்டு "வெற்றி" என்று சொல்லக் கூடாது.

3. தரவு ஷீட்டின் வடிவம்

பலரும் அனுப்பும் அமைப்பு இது:

மார்ச் மாத விற்பனை அறிக்கை
(காலி வரி)
, 2024-03-06, , 2024-03-07,
கிளை, எண்ணிக்கை, தொகை, எண்ணிக்கை, தொகை
வடக்கு, 12, 5400, 9, 4050
தெற்கு, 7, 3150, ,
மொத்தம், 19, 8550, 9, 4050

பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் ஃபில்டர் போட முடியாது, ஏனென்றால் தலைப்பு இரண்டு அடுக்கு. பிவட் போட்டால் "எண்ணிக்கை" இரண்டு முறை வருகிறது. "மொத்தம்" என்ற வரிசையும் ஒரு கிளையாகக் கணக்கில் சேர்ந்து எல்லாத் தொகையும் இரட்டிப்பாகும். நாளை 2024-03-08 வந்தால் வலப்பக்கம் இன்னும் இரண்டு நெடுவரிசைகள் முளைக்கும். இதை நம்பி எழுதிய ஃபார்முலாக்கள் அத்தனையும் நகரும்.

அதே தகவல், தரவு ஷீட்டுக்கு ஏற்ற வடிவில்:

தேதி,கிளை,பொருள்_குறியீடு,எண்ணிக்கை,தொகை
2024-03-06,வடக்கு,00417,12,5400.00
2024-03-06,தெற்கு,00417,7,3150.00
2024-03-07,வடக்கு,00417,9,4050.00

முதல் வரிசையில் தலைப்பு, ஒரே ஒரு அடுக்கு. அதற்குக் கீழே ஒரு வரிசைக்கு ஒரு நிகழ்வு. தேதி என்பது தலைப்பாக மேலே ஏறி உட்காராமல், மற்றவற்றைப் போல ஒரு நெடுவரிசையாக இருக்கிறது. "வடக்கு" ஒவ்வொரு வரிசையிலும் திரும்பத் திரும்ப வருகிறதே என்று தோன்றும். வரட்டும். முதல் வரிசையில் மட்டும் எழுதிவிட்டுக் கீழே காலியாக விட்டால், யாராவது ஒரு தடவை வரிசை மாற்றி அடுக்கினாலே எந்த எண் எந்தக் கிளையுடையது என்பது தொலைந்துபோகும்.

செல்களை இணைப்பதைத் தரவு ஷீட்டில் அறவே விடுங்கள். இணைத்த செல்கள் இருக்கும் பகுதியை அடுக்கப் போனால், எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று சொல்லி எக்செல் மறுத்துவிடும். நடுவில் காலி வரிசையும் வேண்டாம். எக்செல் அந்த இடத்தோடு தரவு முடிந்தது என்று எடுத்துக்கொண்டு, தானாகத் தேர்வு செய்யும்போது கீழ்ப்பாதியை விட்டுவிடும். உட்கூட்டுத்தொகை, மொத்தம் எல்லாம் சுருக்க ஷீட்டுக்குப் போகட்டும்.

தலைப்பில் அளவையும் சேர்த்து எழுதுங்கள்: "எடை" என்பதை விட "எடை_கிகி", "நேரம்" என்பதை விட "நேரம்_நிமிடம்". "12 கிகி" என்று செல்லுக்குள் எழுதினால் அது உரை, கூட்ட முடியாது.

4. எது எண், எது எண் போலத் தோன்றும் எழுத்து?

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள். ஒவ்வொரு நெடுவரிசைக்கும் வகை என்ன என்பதை நீங்களே தீர்மானித்து நிரலில் எழுதிவிட வேண்டும்.

அடையாளக் குறியீடுகள் எல்லாம் உரை. இலக்கங்களால் ஆனதெல்லாம் எண் ஆகிவிடாது. தொலைபேசி எண், கணக்கு எண், அஞ்சல் குறியீடு, பொருள் குறியீடு இவற்றை யாரும் கூட்டவோ சராசரி எடுக்கவோ போவதில்லை. அதுவே போதுமான சோதனை. எண்ணாக விட்டால் மூன்று விதமாகக் கெடும். 00417 என்பது 417 ஆகும். 12 அல்லது அதற்கு மேல் இலக்கங்கள் இருந்தால் பொதுவடிவ செல்லில் அது அறிவியல் குறியீட்டில் சுருங்கித் தெரியும். 15 இலக்கங்களைத் தாண்டினால் மீதி பூஜ்யமாகும்: 1234567890123456 என்பது 1234567890123450 ஆகிவிடும். முதல் இரண்டைத் திருத்திக்கொள்ளலாம். மூன்றாவது சேமித்த பிறகு திரும்பக் கிடைக்காது.

எழுத்து கலந்த குறியீடுகளுக்கும் பாதுகாப்பில்லை. மரபணுக்களில் சிலவற்றுக்கு மார்ச்1, செப்ட்2 என்ற பெயர்கள் இருந்தன. எக்செல் அவற்றை மார்ச் 1, செப்டம்பர் 2 என்று தேதியாக்கியது. எக்செல் பட்டியல் இணைத்த மரபணு ஆய்வுக் கட்டுரைகளில் சுமார் ஐந்தில் ஒரு பங்கில் இப்படிப்பட்ட பிழை இருப்பதாக 2016 இல் ஓர் ஆய்வு கண்டது. கடைசியில் 2020 இல் மனித மரபணுப் பெயரிடும் குழு பெயர்களையே மாற்றியது: மார்ச்எஃப்1, செப்டின்2. ஒரு மென்பொருளின் ஊகத்துக்காக அறிவியல் தன் சொற்களை மாற்றிக்கொண்டது என்றால் உங்கள் பொருள் குறியீடு எம்மாத்திரம்! 2023 முதல் எக்செலில் இந்தத் தானியங்கி மாற்றங்களை அணைக்கும் அமைப்பு வந்திருக்கிறது. ஆனால் பெறுபவர் ஒவ்வொருவரும் அதை அணைத்திருப்பார் என்று நம்பி அறிக்கை எழுத முடியாது.

எக்ஸ்எல்எஸ்எக்ஸில் தீர்வு நேரடியானது: மதிப்பைச் சரமாக (எழுத்துத் தொடராக) எழுதுங்கள், அந்த நெடுவரிசைக்கு உரை வடிவம் கொடுங்கள். பாண்டாஸ் என்ற பைத்தான் நூலகத்தைப் பயன்படுத்துகிறவர்கள் இன்னும் ஒரு படி பின்னால் போக வேண்டும். மூலத் தரவைப் படிக்கும்போதே அந்த நெடுவரிசை சரம் என்று சொல்லாவிட்டால், பூஜ்யங்கள் எக்செல் வருவதற்கு முன்பே காணாமல் போயிருக்கும். பழி எக்செல் மேல் விழும்.

தேதி தேதியாகவே இருக்கட்டும். எக்செலுக்குள் தேதி என்பது ஒரு தொடர் எண். 1900 ஜனவரி 1 என்பது 1. 2024 மார்ச் 7 என்பது 45358. நேரம் அதன் பின்னம், நண்பகல் என்றால் 0.5. (இந்தக் கணக்கில் 60 என்பது 1900 பிப்ரவரி 29. அப்படி ஒரு நாளே கிடையாது. லோட்டஸ் 1-2-3 என்ற பழைய ஸ்பிரெட்ஷீட் மென்பொருள் செய்த பிழையோடு ஒத்துப்போக எக்செலும் அதை வைத்துக்கொண்டது.) மேக் கணினிகளின் பழைய கோப்புகளில் 1904 இலிருந்து எண்ணும் முறையும் உண்டு, அப்படியொரு கோப்பிலிருந்து தேதியின் எண்ணை மட்டும் எடுத்தால் 1,462 நாள் தள்ளிப்போகும்.

நிரலில் தேதிப் பொருளாகவே எழுதிவிட்டு, காட்டும் வடிவத்தை மட்டும் ஆண்டு-மாதம்-நாள் என்று வையுங்கள். "03/07/2024" என்று சரமாக எழுதுவதுதான் மோசமான வழி. மார்ச் 7 ஆ, ஜூலை 3 ஆ? திறப்பவர் கணினியின் வட்டார அமைப்பு முடிவு செய்யும். சிஎஸ்வியில் அதைவிட வேடிக்கை நடக்கும். நாள்-மாதம் என்ற வரிசையில் எழுதியதை, மாதம்-நாள் என்று எதிர்பார்க்கும் கணினியில் திறந்தால், 12 வரையுள்ள நாட்கள் தவறான தேதிகளாக மாறும். 13 முதல் உள்ளவை மாற முடியாமல் உரையாகவே நிற்கும். தேதி நெடுவரிசையில் சில செல்கள் வலப்பக்கமும் சில இடப்பக்கமும் ஒட்டி நின்றால் இதுதான் நடந்திருக்கிறது. வலப்பக்கம் இருப்பவை சரியானவை என்று நினைத்துவிடாதீர்கள்; அவைதான் தவறானவை.

நேர மண்டலத்தை எக்செல் சேமிப்பதில்லை. மண்டலம் சேர்ந்த நேரத்தை எழுதப் போனால் பாண்டாஸ் பிழை காட்டி நின்றுவிடும். எந்த மண்டலம் என்று முடிவு செய்து, அதற்கு மாற்றி, ஒட்டியிருக்கும் மண்டலத் தகவலை நீக்கி, தலைப்பில் "நேரம்_யுடிசி" (யுடிசி என்பது உலகப் பொது நேரம்) என்பது போல எழுதிவிடுங்கள்.

எண்களில் அலங்காரம் மதிப்புக்குள் போகக் கூடாது. காற்புள்ளி, நாணயக் குறி, சதவீதக் குறி எல்லாம் செல்லின் வடிவத்தில் சேர வேண்டியவை. 18 சதவீதம் என்றால் 0.18 என்று எழுதி சதவீத வடிவம் கொடுங்கள். "5,400.00" என்று சரமாக எழுதினால் கூட்டல் ஃபார்முலா அதைப் பேசாமல் தாண்டிப் போகும்; பிழைகூட வராது, விடை 0 என்று நிற்கும். பைசா ஒட்டாத நீண்ட தசமங்களை எங்கே முழுமையாக்குவது என்பதையும் இங்கேயே முடிவு செய்யுங்கள். செல்லின் வடிவம் இரண்டு தசமத்தைக் காட்டும், உள்ளே இருப்பது மாறாது. அதனால்தான் கண்ணுக்குத் தெரியும் எண்களைக் கூட்டினால் மொத்தத்தோடு சிறு வித்தியாசம் வருகிறது.

இல்லாத மதிப்புக்குக் காலி செல். "-", "இல்லை", "கிடைக்கவில்லை" எதுவும் வேண்டாம். எண் நெடுவரிசையில் ஒரே ஓர் உரை நுழைந்தாலும் பிவட் கூட்டுவதற்குப் பதிலாக எண்ணிக்கை எடுக்க ஆரம்பிக்கும். காலிக்குப் பதில் 0 போடுவதும் தவறு: சராசரி காலியை விட்டுவிடும், 0 ஐக் கணக்கில் சேர்க்கும். விற்பனையே நடக்காத நாளும் தகவல் வராத நாளும் ஒன்றல்ல. அந்த வேறுபாடு முக்கியம் என்றால் பக்கத்தில் "நிலை" என்று ஒரு நெடுவரிசை வையுங்கள்.

தமிழ் உரைக்கு ஒரு கூடுதல் கவனம். "கொ" என்பதன் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். நிரலுக்கு இரண்டும் வெவ்வேறு சரங்கள். இரண்டு மூலங்களிலிருந்து வரும் பெயர்களைப் பொருத்துகிறீர்கள் என்றால் முதலில் எல்லாவற்றையும் என்எஃப்சி முறைக்கு, அதாவது ஒரே குறியாக எழுதும் யூனிகோடு வடிவத்துக்கு, இயல்பாக்குங்கள். முன்பின் இடைவெளிகளையும், வலைப்பக்கங்களிலிருந்து ஒட்டிக்கொண்டு வரும் உடையா இடைவெளியையும் அப்போதே துடைத்துவிடலாம்.

5. சிஎஸ்விதான் வேண்டும் என்றால்

இரட்டைக் கிளிக் செய்து திறக்கும்போது எக்செல் சிஎஸ்வியின் எழுத்துக் குறியாக்கத்தைச் சரியாகக் கண்டுபிடிக்கும் என்று நம்ப முடியாது. யூடிஎஃப்-8 இல் எழுதிய தமிழ் அப்படியே கிறுக்கலாக வந்து நிற்கும். கோப்பின் தொடக்கத்தில் பிஓஎம் என்ற மூன்று பைட்டுகளைச் சேர்த்தால் தீரும். பைத்தானில் குறியாக்கத்தின் பெயரை யூடிஎஃப்-8-சிக் என்று கொடுத்தால் போதும். ஆனால் மறுமுனையில் நிரல் படிக்கிறதென்றால் இதே பிஓஎம் முதல் தலைப்போடு ஒட்டிக்கொண்டு, "தேதி என்று ஒரு நெடுவரிசையே இல்லை" என்ற பிழையைக் கிளப்பும். கண்ணுக்குத் தெரியாத எழுத்து என்பதால் தேடுவதும் கஷ்டம். மனிதருக்கு ஒரு கோப்பு, நிரலுக்கு ஒரு கோப்பு என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

மதிப்புக்குள் காற்புள்ளி, மேற்கோள்குறி, புதுவரி இருந்தால் முழு மதிப்பையும் இரட்டை மேற்கோளுக்குள் வைக்க வேண்டும். உள்ளே இருக்கும் மேற்கோளை இரண்டாக எழுத வேண்டும். சிஎஸ்வி வடிவத்தை விவரிக்கும், 2005 இல் வந்த ஆர்எஃப்சி 4180 என்ற ஆவணம் சொல்லும் முறை இதுதான். கையால் காற்புள்ளி போட்டு ஒட்டாமல் நூலகத்திடம் விட்டால் தானாக நடக்கும். மேற்கோளுக்குள் வைத்தால் பூஜ்யங்கள் காப்பாற்றப்படும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, "00417" என்று வைத்தாலும் எக்செல் 417 ஆக்கும். சமக்குறியோடு ="00417" என்று எழுதும் தந்திரம் எக்செலில் வேலை செய்யும், கோப்பைப் படிக்கும் மற்ற நிரல்களுக்குத் தரவைக் கெடுக்கும்.

தசமத்துக்குக் காற்புள்ளி பயன்படுத்தும் வட்டார அமைப்புகளில் எக்செல் பிரிப்பானாக அரைப்புள்ளியை எதிர்பார்க்கும். உங்கள் கோப்பு அங்கே ஒரே நெடுவரிசையில் குவிந்துவிடும். பெறுபவர்கள் பல நாடுகளில் இருந்தால் விவாதமே வேண்டாம், எக்ஸ்எல்எஸ்எக்ஸ் அனுப்புங்கள்.

பாதுகாப்புச் சங்கதி ஒன்றும் உண்டு. =, +, -, @ இவற்றில் ஒன்றோடு தொடங்கும் செல்லை ஸ்பிரெட்ஷீட் ஃபார்முலாவாக எடுத்துக்கொள்ளலாம். வெளியாட்கள் படிவத்தில் நிரப்பிய பெயர், கருத்து போன்றவை உங்கள் அறிக்கைக்குள் வருகின்றன என்றால், யாரோ எழுதிய ஃபார்முலா பெறுபவரின் கணினியில் ஓடும் வாய்ப்பு இருக்கிறது. உரை நெடுவரிசைகளில் மட்டும் அப்படித் தொடங்கும் மதிப்புக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் சேருங்கள். எண் நெடுவரிசையில் செய்தால் எதிர்ம எண்கள் எல்லாம் உரையாகிவிடும். எக்ஸ்எல்எஸ்எக்ஸிலும் கவனம் வேண்டும்: எக்செல் கோப்பு எழுதும் பைத்தான் நூலகங்களான ஓப்பன்பைஎக்செல், எக்ஸ்எல்எஸ்எக்ஸ்ரைட்டர் இரண்டுமே சமக்குறியில் தொடங்கும் சரத்தை வழக்கமாக ஃபார்முலா என்றுதான் எழுதும். வெளியிலிருந்து வரும் உரையைச் சரமாக எழுதச் சொல்லித் தெளிவாகக் கட்டளை கொடுங்கள்.

6. தரவு ஷீட்டுக்குக் கொஞ்சம் ஒப்பனை

கொஞ்சம் போதும். தலைப்பு வரிசையைத் தடித்த எழுத்தாக்கி உறைய வையுங்கள், ஃபில்டரைத் தானாகப் போட்டுக் கொடுங்கள், நெடுவரிசைகளின் அகலத்தைச் சரிசெய்யுங்கள். அகலம் போதாத எண்ணும் தேதியும் வெறும் ##### என்று தெரியும். திறந்ததும் அதைப் பார்ப்பவருக்கு அறிக்கையே உடைந்துவிட்டது போலத் தோன்றும். அகலத்தைச் சரத்தின் நீளத்தை வைத்துக் கணக்கிடுவது வழக்கம். தமிழுக்கு அது சரிவராது: "கோ" என்பது கண்ணுக்கு ஓர் எழுத்து, நிரலின் எண்ணிக்கையில் 2. குறைந்தது 10, அதிகம் 50 என்று ஒரு வரம்பு வைத்துவிட்டால் பெரிய தவறு வராது.

தரவுப் பகுதியை எக்செல் டேபிளாக எழுதுவது எனக்குப் பிடித்த வழி. ஃபில்டர், ஒன்றுவிட்டு ஒன்று வரும் நிறக்கோடு, நெடுவரிசைப் பெயரை வைத்து ஃபார்முலா எழுதும் வசதி எல்லாம் ஒரே அடியில் கிடைக்கும். நிறக்கோடுகளைக் கையால் வரிசை வரிசையாகப் பூசினால் யாராவது ஃபில்டர் போட்டதும் கோலம் கலைந்துவிடும், டேபிளில் கலையாது. தலைப்புகள் சரங்களாகவும் ஒன்றைப் போல் இன்னொன்று இல்லாமலும் இருக்க வேண்டும். இல்லையென்றால் கோப்பைத் திறக்கும்போது "பழுது இருக்கிறது, சரிசெய்யவா" என்று எக்செல் கேட்டு பெறுபவரைப் பயமுறுத்தும்.

தகவலை நிறத்தில் மட்டும் வைக்காதீர்கள். தாமதமான வரிசைகளைச் சிவப்பாக்கினால் பிவட்டுக்கு அது தெரியாது, சிஎஸ்வியாகச் சேமித்தால் போய்விடும், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்களுக்கு ஆரம்பத்திலிருந்தே இல்லை. "தாமதம்" என்று ஒரு நெடுவரிசை வைத்து, நிறத்தை அதன் மேல் நிபந்தனை வடிவமைப்பாகப் போடுங்கள்.

7. சுருக்க ஷீட்: ஃபார்முலாவா, மதிப்பா?

இங்கே தலைப்பு, இணைத்த செல், வரைபடம், உங்கள் ஆசை எதுவோ அது. ஆனால் மொத்தங்களை ஃபார்முலாவாக எழுதும் முன் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். எக்செல் ஒரு ஃபார்முலாவைச் சேமிக்கும்போது அதன் விடையையும் கூடவே சேமிக்கிறது. பைத்தான் நூலகங்களுக்குக் கணக்கிடத் தெரியாது. எக்ஸ்எல்எஸ்எக்ஸ்ரைட்டர் விடையின் இடத்தில் 0 எழுதுகிறது. ஓப்பன்பைஎக்செல் எதுவும் எழுதுவதில்லை. எக்செலில் திறந்தால் கணக்கிட்டுக் கொள்ளும். ஃபார்முலாவைக் கணக்கிடாத முன்னோட்டத் திரையில் பார்த்தால் மொத்தம் 0. மேலதிகாரி பெரும்பாலும் கைபேசியில்தான் பார்ப்பார்.

அதனால் பார்ப்பதற்கான எண்களை நிரலிலேயே கணக்கிட்டு மதிப்பாக எழுதுங்கள். பெறுபவர் மேற்கொண்டு மாற்றிப் பார்க்க வேண்டிய கணக்கு என்றால் ஃபார்முலா. அப்போது நூலகம் அனுமதித்தால் கணக்கிட்ட விடையையும் சேர்த்துக் கொடுங்கள், எக்ஸ்எல்எஸ்எக்ஸ்ரைட்டரில் அதற்கு இடம் இருக்கிறது.

சுருக்க ஷீட்டின் ஓரத்திலோ தனியாகவோ அறிக்கையின் பிறப்புச் சான்றும் இருக்கட்டும்: எப்போது ஓடியது, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்த மூலம், என்ன வடிகட்டல், எத்தனை வரிசைகள். இரண்டு பேர் இரண்டு எண்ணோடு கூட்டத்துக்கு வரும்போது சண்டையைத் தீர்ப்பது இந்த ஐந்து வரிகள்தான்.

8. நேற்று இருந்தபடியே இன்றும்

உங்கள் அறிக்கையை நம்பி யாரோ ஒருவர் பவர் குவெரியில் (வெளித் தரவை இழுத்துவரும் எக்செல் வசதி) இணைப்புப் போட்டு வைத்திருப்பார், உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். நீங்கள் "தொகை" என்பதை அழகாக "மொத்தத் தொகை" என்று மாற்றிய நாளில் அவருடையது உடையும். தலைப்புகளின் பெயர், வரிசை, ஷீட்டின் பெயர் எல்லாவற்றையும் ஒரு வாக்குறுதி போல நடத்துங்கள். புதிய நெடுவரிசை வேண்டுமா, கடைசியில் சேருங்கள். நீக்குவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். ஷீட் பெயரில் தேதியைத் திணிக்க வேண்டாம்; அது தினமும் மாறும், 31 எழுத்துகளுக்கு மேல் போகாது, சாய்வுக்கோடு, கேள்விக்குறி, சதுர அடைப்புக்குறி போன்றவையும் அதில் வராது.

தேதி கோப்பின் பெயருக்குப் போகட்டும்: விற்பனை_2024-03-07 என்ற முறையில் எழுதினால் பெயர் வரிசையும் கால வரிசையும் ஒன்றாகவே அமையும். 8 ஆம் தேதி நள்ளிரவு தாண்டி ஓடினாலும் 7 ஆம் தேதியின் தரவு என்றால் பெயரில் 7 தான் இருக்க வேண்டும்.

தரவே இல்லாத நாளிலும் கோப்பு வர வேண்டும், தலைப்பு வரிசை மட்டும் இருந்தால் போதும், சுருக்கத்தில் "வரிசைகள்: 0" என்று எழுதியிருக்க வேண்டும். கோப்பே வராவிட்டால் விற்பனை இல்லையா, ஸ்கிரிப்ட் செத்துவிட்டதா என்று யாருக்குத் தெரியும்?

9. எழுதுவதும் அனுப்புவதும்

நேரடியாக இறுதிப் பெயரில் எழுதாதீர்கள். ஒரு தற்காலிகப் பெயரில் முழுதாக எழுதி முடித்து, பிறகு பெயரை மாற்றுங்கள். இல்லையென்றால் பாதி எழுதிய கோப்பை யாராவது எடுத்துக்கொண்டு போவார்கள். பகிர்ந்த கோப்புறையில் ஒரே பெயரை மேலெழுதும் அறிக்கைகளுக்கு விண்டோஸில் இன்னொரு தொல்லை: யாராவது அதை எக்செலில் திறந்து வைத்திருந்தால் ஸ்கிரிப்டுக்கு அனுமதி மறுக்கப்படும். தேதியிட்ட பெயர் இதற்கும் மருந்து.

10. அனுப்பும் முன் திரும்பப் படியுங்கள்

ஸ்கிரிப்ட் தான் எழுதிய கோப்பைத் தானே திறந்து, மூலத்திலிருந்த வரிசைகளின் எண்ணிக்கையும் தொகை நெடுவரிசையின் கூட்டலும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். பொருந்தாவிட்டால் அனுப்பக் கூடாது. இதைத் தினமும் செய்வது நிரல்.

புதிய அறிக்கை ஒன்றை முதன்முறை வெளியிடும்போது மட்டும் நீங்கள் உட்கார்ந்து செய்ய வேண்டிய சோதனை வேறு. கெட்ட தரவு ஒன்றை வேண்டுமென்றே தயாரியுங்கள்: பூஜ்யத்தில் தொடங்கும் குறியீடு, 16 இலக்க எண், "மார்ச்1" போன்ற சொல்லின் ஆங்கில வடிவம், சமக்குறியில் தொடங்கும் கருத்து, காற்புள்ளியும் புதுவரியும் உள்ள முகவரி, ஒரு எதிர்ம எண், ஒரு காலி, 12 க்குக் கீழும் மேலும் நாள் கொண்ட இரண்டு தேதிகள், ஒரு நீளமான தமிழ்ப் பெயர். இதை எக்செல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரெஆபிஸ் மூன்றிலும் திறந்து பாருங்கள். கணினியின் வட்டார அமைப்பை ஒரு தடவை மாற்றிவிட்டும் திறந்து பாருங்கள். தேதிச் சிக்கல்கள் அங்கேதான் வெளிவரும். கைபேசியிலும் ஒரு பார்வை.

சிஎஸ்வியைச் சோதிக்கும்போது ஒரு எச்சரிக்கை: எக்செலில் திறந்து பார்த்துவிட்டு, மூடும்போது சேமிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சேமித்தால் எக்செல் ஊகித்தவையே கோப்பில் எழுதப்பட்டுவிடும், அதன் பிறகு நீங்கள் சோதிப்பது உங்கள் ஸ்கிரிப்ட் எழுதிய கோப்பை அல்ல. உள்ளே உண்மையில் என்ன இருக்கிறது என்று பார்க்க நோட்பேட் போன்ற சாதாரண எழுத்துத் திருத்தியே போதும்.